பக்கவாசல் துரை

முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. நாலு இலக்கத்தை அழுத்தினால் திறக்கும். உள்ளே இரண்டு திறப்புகள். ஒன்று முன்கதவுக்கு, மற்றது குசினிக் கதவுக்கு. முன்கதவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். நானோ குசினித் திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, பாசி பிடித்த சிமெந்துப் பாதையால் பின்னுக்கு நடக்கவேண்டும். முதல் நாள் தெரியாமல் முன்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டேன். உள்ளேயிருந்து ஒரு கிழவரின் குரல், "வெளியே போ. போய்ச் சரியான கதவால் வா" என்றது. தொண்ணூற்றிரண்டு வயது. கண் முக்கால்வாசி போய்விட்டது. பிடித்துத் தூக்காமல் எழுந்து நிற்க ஏலாது. ஆனால் எந்தக் கதவு திறந்தது என்று காதுக்கு மட்டும் தெரியும். நான் வெளியே போய், சுற்றி வந்து, மறுபடி காலை வணக்கம் சொன்னேன். "இப்போது சரி" என்றார்.

இருபது வருஷத்துக்கு முந்திய கதை இது. நான் அப்போதும் இந்த வெள்ளைக்கார நாட்டில், தோர்ண்டன் ஹீத்தில்தான் இருந்தேன். ஒரு ஏஜென்சிக்காக வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிப்பது வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஓட்ஸ் காய்ச்சிக் கொடுப்பது, மருந்து விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது. எத்தனையோ பேரைப் பார்த்தேன். அடித்தவர்கள் உண்டு, முகத்தில் துப்பியவர்கள் உண்டு. ஒருவரையும் மனதில் வைத்திருக்கவில்லை. இந்த ஒருவரை மட்டும் விடமுடியவில்லை. அவரை 'அவர்' என்று எழுதுவதுகூட என் அம்மா வளர்த்த வளர்ப்பு. மனதுக்குள் எனக்கு அவன்தான். வீட்டில் நானும் என் கணவரும் அவருக்கு வைத்த பெயர் துரை.

பெற்றோல் நிலையத்தில் வேலை முடிந்து வந்ததும் என் கணவர் சப்பாத்தைக் கழற்றுமுன்னரே கேட்பார்: "இஞ்சேரும், துரை இண்டைக்கு என்னவாம்?"

"காலைச் சாப்பாட்டுக்குப் பாண் தடிப்பா வெட்டிப்போட்டனாம். நாய்க்குத்தான் அப்பிடி வெட்டுறதாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அடுத்த துண்டை இன்னும் தடிப்பா வெட்டிக் குடுத்தனான்."

துரையின் வீட்டில் ஆளுக்கொரு கதவு. டாக்டர், பாதிரியார், வழக்கறிஞர், மகள் எல்லோருக்கும் முன்கதவு. மீட்டர் பார்க்க வருபவன், சன்னல் துடைப்பவன், பராமரிக்கப் போகும் நாங்கள் எல்லோருக்கும் குசினிக் கதவு. இதில் வெள்ளை, கறுப்பு பார்க்கமாட்டார். அந்த விஷயத்தில் மட்டும் நீதவான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எத்தனையோ வருஷமாக இவருடைய புல்லை வெட்டிக் கொடுத்தார். அவருக்கும் குசினிக் கதவுதான். தமிழ்நாட்டு டாக்டர் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு முன்கதவு. "ஆளுக்கொரு கேட் இருக்கிறது. அவரவர் தன் கேட்டைத் தெரிந்துகொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்பது அவர் ஓயாமல் ஒப்புவிக்கும் வாய்ப்பாடு. அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான்தான் தமிழில் எழுதுகிறேன். என் தமிழ் அவரைக் கொஞ்சம் மரியாதையான ஆளாகக் காட்டினால் அது என் பிழை.

ஒரு தை மாதம், பனி உறைந்த காலை, அந்தப் பின்பாதையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிரட்டிக்கொண்டேன். கையைப் பிடித்தபடி உள்ளே போனேன். விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. "பால் போத்தல் உடைந்ததா?" என்று கேட்டார். உடையவில்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு ஓட்ஸுக்கு வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த மகளிடம் முறையிட்டேன். அறுபது வயது, நல்ல உடுப்பு, தணிந்த குரல். "தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பழைய காலத்து மனிதர்" என்றாள். அவளுடைய ஒவ்வொரு வசனத்திலும் ஒரு தயவுசெய்து இருக்கும். அந்தத் தயவுசெய்து எல்லாம் சேர்ந்துதான் என்னைக் குசினிக் கதவால் நடக்கவைத்தது.

இந்தக் கேட் பைத்தியத்துக்குக் காரணம் கிரிக்கெட். இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் ஒரு கவுண்டி அணிக்கு, எங்கள் ஊரில் மாகாண அணி மாதிரி, ஆடியவர். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் நடை ஓரத்தில் ஒரு அணிப்படம் தொங்கியது. முன்வரிசையில் கதிரையில் கோடு போட்ட கோட்டும் தொப்பியுமாக நாலைந்து பேர், பின்னால் நின்றபடி மற்றவர்கள். இருப்பவர்கள் காசு வாங்காமல் ஆடும் கனவான்கள், நிற்பவர்கள் சம்பளத்துக்கு ஆடும் தொழில்காரர்கள். அந்தக் காலத்தில் இரண்டு கூட்டத்துக்கும் உடுப்பு மாற்ற வேறு வேறு அறை, சாப்பிட வேறு வேறு மேசை, மைதானத்துக்குள் இறங்கவும் வேறு வேறு கேட். "நாங்கள் நடுக் கேட்டால் இறங்குவோம். சம்பளக்காரர்கள் பக்கக் கேட்டால் வருவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது" என்பார். ஒவ்வொரு முறையும் அந்த 'நாங்கள்' கொஞ்சம் அழுத்தி வரும். படத்தில் கதிரையில் இருக்கும் மீசைக்காரர்தான் இவர் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரும் மறுக்கவில்லை.

எனக்குக் கிரிக்கெட் தெரியும் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. என் அண்ணன்மார் மூன்று பேரும் பள்ளிக்கூட அணியில் ஆடியவர்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. ஒருநாள் என்னை மடக்க நினைத்து, "சில்லி பொயின்ட் எங்கே நிற்பான், சொல் பார்ப்போம்" என்றார். நான் தட்டில் முட்டைக் கிண்ணத்தை வைத்து இதுதான் துடுப்பாட்டக்காரன் என்று சொல்லி, அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக் கரண்டி கிடந்த இடத்தில் வைத்தேன். சரியான இடம். விரலைப் பிடுங்கிக்கொண்டார். "எங்கள் பாதிரிமார் உங்கள் ஊரில் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள்" என்றார். நான் முட்டையை ஆறவிட்டுக் கொடுத்தேன். என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இரண்டாவது வருஷம் மாசியில் ஒரு கடிதம் வந்தது. அவருக்குத் தபால் வாசித்துக் காட்டுவதும் என் வேலையில் சேர்த்தி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கவுண்டிக்கு ஒரேயொரு ஆட்டம் ஆடியவரைக்கூட விடாமல் எல்லோருடைய வாழ்க்கைக் குறிப்பையும் தொகுக்கிறாராம். இவரைப்பற்றிய குறிப்பையும் அனுப்பி, பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். நான் வாசித்தேன். சம்பளத்துக்கு ஆடிய தொழில்காரர். நாலு பருவங்கள். கவுண்டித் தொப்பி வழங்கப்படவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தொப்பி என்பது அணிக்கு ஆடும் எல்லோருக்கும் கிடைப்பதல்ல. நீ எங்களில் ஒருவன் என்று குழு ஏற்றுக்கொண்டால்தான் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு முன்னால் தன் தொப்பியைப் பற்றிச் சொல்லாமல் அவர் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை.

"மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். "மறுபடி." மூன்றாம் முறையும் வாசித்தேன். பிறகு என்னிடம் என்றில்லாமல் சன்னலைப் பார்த்துப் பேசினார். "பக்கக் கேட்டின் கொளுக்கி எப்போதும் கறள், ஒரே துரு. பந்து போடும் விரல் அதில் வெட்டுப்பட்டிருக்கிறது. மழை பெய்தால் அவர்களுடைய அறையில் நெருப்பு மூட்டியிருப்பார்கள். எங்கள் அறையில் புல்வெட்டும் இயந்திரம் நின்றது. கப்டன் என்னைவிட எட்டு வயது இளையவன். ஸ்டேஷனிலிருந்து அவனுடைய பையையும் நான்தான் தூக்கிப்போவேன். சேர் என்றுதான் கூப்பிடவேண்டும்." அவ்வளவுதான். திடீரென்று நான் அங்கே நிற்பது நினைவுக்கு வந்ததுபோல முகத்தைத் திருப்பி, "கிழி அதை" என்றார்.

இரக்கம் வந்திருக்கவேண்டிய இடம் இது. எனக்கு வந்தது கோபம். அந்தக் கொளுக்கியின் கறள் தெரிந்த மனிதன், தெரிந்துகொண்டே என்னைக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நடக்கவைத்திருக்கிறான். பஸ்ஸில் வரும்போது கோபம் இன்னொரு பக்கமும் திரும்பியது. ஊரில் எங்கள் வீட்டு வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் அளவு ஓட்டை, இருந்தது. முன்வாசல் படலையால் வரக்கூடாது என்று சிலருக்கு விதித்திருந்தோம். அவர்கள் அந்தப் பொட்டால் குனிந்து வருவார்கள், முற்றத்தில் சிரட்டையில் தேத்தண்ணி குடிப்பார்கள். ஊற்றிக் கொடுத்தது பலநாள் நான்தான். ஒருநாள்கூட அதைப் பிழை என்று நினைத்ததில்லை. துரை அதை எனக்கு நினைப்பூட்டினார் என்பதற்காகவும் அவரை வெறுத்தேன்.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அது ஒரு தந்திரமும் இல்லை. எங்களைப்போல அகதியாக வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மேலே முகவரி அச்சடித்த எந்தக் கடிதத்தையும் கிழிக்கக் கை வராது. எந்தத் தாள் எந்த நாள் கேட்கப்படும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் தண்ணீர்க் கம்பனி அனுப்பிய மன்னிப்புக் கடிதம்கூட ஃபைலில் இருந்தது. துரையின் கடிதத்தைக் கைப்பையில் வைத்தேன். வீட்டுக்குப் போனதும் கை தானாக, இந்த நாட்டில் தங்குவதற்கான எங்கள் விண்ணப்பப் பத்திரங்களுக்கு நடுவில் செருகிவிட்டது. நாங்கள் பராமரிக்கும் ஆளின் கடிதத்தை வெளியே கொண்டுபோவது ஏஜென்சிச் சட்டப்படி பிழை. அது அப்போது நினைவில் வரவில்லை.

அடுத்த நாள் பதில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் சம்பளம் வாங்கியதில்லை, கனவானாகவே ஆடினேன், தொப்பி இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. எழுதித் தபாலில் போட்டேன். அவருடைய பொய், எனக்கென்ன?

பத்து நாளில் ஆசிரியரிடமிருந்து மகளுக்குத் தொலைபேசி வந்தது. அப்படியானால் பதிவுகளைத் திருத்தவேண்டும், வருகிற வாரம் கமெராவோடு வந்து தொப்பியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டாராம். இதை மகள் வந்து துரையிடம் சொன்னபோது நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.  பிறகு துரையின் குரல் கேட்டது: "தொப்பி இல்லை. அவள் எடுத்துவிட்டாள்."

தண்ணீர்க் குழாயை மூடினேன். மகள் குசினிக்கு வந்து, என் முகத்தைப் பாராமல், "தயவுசெய்து இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்" என்றாள். பஸ்ஸில் இருக்கும்போதே ஏஜென்சி மனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். களவு முறைப்பாடு. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து இடைநிறுத்தம்.

"வேலை போனால் போகட்டும், விடும்" என்றார் என் கணவர். "வேற வேலை எடுக்கலாம்."

"வேலையை ஆர் கதைச்சது? விண்ணப்பம் உள்ளுக்குக் கிடக்கு. களவு எண்டு ஒரு சொல் விழுந்தால் காணும். ஒன்பது வருஷம் காத்திருந்தது எல்லாம் போச்சு."

"நீர் எடுக்கேல்லைத்தானே?"

அவர் சும்மா கேட்ட கேள்விதான். ஆனாலும் கேட்டார். அந்தக் கேள்வியை என் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் துரைதான். நான் ஃபைலை இழுத்துக் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டு, "இல்லாத சாமானை எப்பிடியப்பா களவெடுக்கிறது?" என்றார். 

விசாரணை அவருடைய வீட்டிலேயே, வெள்ளிக்கிழமை பிற்பகல். துரை தன் சாய்கதிரையில், கழுத்துப்பட்டியெல்லாம் கட்டி. பக்கத்தில் மகள். எதிரே படிவமும் பேனையுமாக மனேஜர். அவள் கெட்டவள் இல்லை, படிவத்துக்குப் பயந்தவள். தொப்பியைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டாள். ஒருநாளும் பார்க்கவில்லை என்றேன். "அலமாரி மேல்தட்டில் இருந்தது. சின்ன வயதில் நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்" என்றாள் மகள். தணிந்த குரல், கொஞ்சமும் தடுமாறவில்லை.

நான் கடிதத்தை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தேன். மனேஜர் வாசித்தாள். "இது உன்னிடம் எப்படி வந்தது?" என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். எச்சரிக்கை தரவேண்டியிருக்கும் என்றாள். தா என்றேன். கடிதம் மகளின் பக்கம் போனது. அவள் அதைத் தொடவேயில்லை. எழுந்து என் அருகே வந்து, தன் குரலை இன்னும் தணித்தாள்.

"இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அம்மா சொல்லிவிட்டார். இந்த வீட்டில் அதை அவருக்கு முன்னால் ஒருவரும் பேசுவதில்லை."

 "தொப்பி இல்லை என்று தெரிந்துகொண்டா என்னைக் கள்ளி என்றாய்?"

"உங்களுக்கு வேறு வீடு கிடைக்கும். அவருக்கு இது ஒன்றுதான் இருக்கிறது."

துரையாவது பயத்தில் சொன்னார். இவள் யோசித்து, ஆற அமர, என்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.  அடித்திருப்பேன். மனேஜர் அவசரமாக நடுவில் புகுந்து, "சரி, 'பொருள் கிடைக்கவில்லை, மேல்நடவடிக்கை இல்லை' என்று எழுதுவோம். எல்லோருக்கும் நல்லது" என்றாள்.

"கிடைக்கவில்லை என்றால் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். எடுத்தது நான் என்று அர்த்தம். அப்படி ஒரு பொருள் இருந்ததில்லை என்று எழுது."

"அதை உரியவர் சொன்னால்தான் எழுதலாம்."

தணித்த குரல் துரையின் காதிடம் எடுபடாது என்பதை மகள் மறந்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. நான் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கள் சொல்லுங்கள். தொப்பி இருந்ததா?"

"வேண்டாம் அப்பா" என்றாள் மகள்.

அவர் மகளின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு வயதிலா?"

அவள் திரும்பிப் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயே. பிள்ளைகளையும் கூட்டிவந்து கேட்கவைத்தாயே. சிரித்தீர்களா?"

"இல்லை அப்பா. இல்லை." அவள் அழத் தொடங்கினாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த முகத்தில் நான் இரண்டு வருஷமாகச் சவரம் செய்திருக்கிறேன். அது அவ்வளவு சின்னதாக நான் கண்டதில்லை.  மனேஜர் பேனையை மூடப்போனாள்.

"எழுது" என்றார்.

சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எனக்குத் தொப்பி தரப்படவில்லை. ஒருநாளும் என்னிடம் தொப்பி இருந்ததில்லை. நான் சம்பளத்துக்கு ஆடியவன். நாலாம் பருவம் முடிய என்னை நிற்பாட்டினார்கள். இந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. எழுதியதை வாசிக்கச் சொன்னார். 'நிற்பாட்டினார்கள்' என்ற சொல்லுக்கு அவள் மெதுவான வேறொரு சொல்லைப் போட்டிருந்தாள். அதை வெட்டி, தான் சொன்னதையே போடவைத்தார். பேனையைக் கேட்டார். கையைப் பிடித்துக் கோட்டில் வைத்தது நான். அவரே கையெழுத்திட்டார். பிறகு என் விண்ணப்பத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான்.

பேனையை விட்டதும் முகத்தை என் பக்கம் திருப்பினார். கண் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது.

"திருப்தியா?" என்று கேட்டார்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். மனேஜர் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் என்ன சொல்வதென்று எனக்கு வரவில்லை.

தமிழிலேயே "ஓம்" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.